பச்சைப் புள்ளி இல்லாத பாக்கெட்

செஞ்சி
19.1.2025

அருகன் துணை.

அன்புத் தம்பி கோமதேஷுக்கு அக்கா அனந்தமதி எழுதுவது. நானும் உன் மாமாவும் மகள் இந்துமதியும் நலம். நைனாவுக்குக் கார்த்திகையில் வந்த காய்ச்சல் விட்டுவிட்டது, வாய்க்கசப்பு மட்டும் விடவில்லை. நீ நலமா? ஒசாகாவில் குளிர் தாங்க முடிகிறதா?

தினமும் போனில் பேசுகிறவள் எதற்கு ஸ்டாம்பு ஒட்டி எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான். காது மந்தமாக இருந்தாலும் நீ பேசும்போது நைனா ஒரு சொல் விடமாட்டார். வாட்சப்பில் எழுதினால் இந்து எட்டிப் பார்க்கிறாள். அவர் காதில் விழக்கூடாத ஒன்றை நான் எங்கே வைத்துப் பேசுவது? அதோடு, போனில் நீ "ம்" கொட்டித் தப்பித்துவிடுவாய். கடிதத்துக்குப் பதில் எழுதித்தான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். உன்னோடு வேலை செய்கிற யாரோ போட்ட படம் ஒன்றை இந்து காட்டினாள். நீ ஒரு நீளப் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கிறாய். உனக்கு எதிரே கறுப்புத் தட்டில் சின்னச் சின்னச் சோற்றுப் பிடிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டு, ஈரமாக, செக்கச்செவேலென்று. நான் பப்பாளி என்றே நினைத்தேன். "மாமா முன்னாடி இருக்கறது பச்ச மீனும்மா" என்றாள் இந்து. கடையில் மீன் எண்ணெய் மாத்திரை கேட்டால்கூடப் பேப்பர் வைத்துப் பிடித்து எடுத்துக் கொடுக்கிறவள் நான்.

மருந்துக் கடையில் எனக்குத் துணைக்கு இருக்கிற தனகோட்டியிடம் படத்தைக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மரக்காணத்து மீன் வண்டி வந்தால் முதல் ஆளாக நிற்கிறவள். அவளாவது "இதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்பாள் என்று பார்த்தால், என்னைவிட அவள்தான் அதிகம் பதறினாள். "சுடாம கொள்ளாம அப்படியேவா திம்பாங்க? நாலு தண்ணி மாத்தி அலசி, மஞ்சத்தூள் போட்டு, புளி கரைச்சி ஊத்தி கொதிக்க வச்சாலே எங்கூட்ல கவுச்சி போவ மாட்டேங்குது" என்று முகத்தைச் சுளித்தாள். மீனைத் தொடாத நானும் மீனில்லாமல் சோறிறங்காத அவளும் ஒரே படத்தைப் பார்த்து ஒரே மாதிரி வாய் பிளந்து நின்றோம்.

நைனாவுக்கு இன்னும் தெரியாது. ஆடி பிறக்குமுன், மழைக்காலம் நான்கு மாதமும் தங்க மேல்சித்தாமூர் மடத்துக்குச் சமண முனிவர் ஒருவர் வருகிறாராம். அவர் முன்னால் இல்லறத்தாருக்குரிய சிராவக விரதம் எடுத்துக்கொள்வதென்று நைனா முடிவு செய்திருக்கிறார். அம்மா போனபிறகு அவருக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆசை அதுதான். அறிந்து செய்த பிழை, அறியாமல் செய்த பிழை இரண்டையும் சொல்லித் தீர்த்துவிட்டுத்தான் விரதத்தில் உட்கார முடியும். நம் குடும்பத்தில் நாக்குக்காக ஓர் உயிரும் போனதில்லை என்று இப்போதே பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நீ சாப்பிட்டாயா, இல்லையா? ஒரு வரி எழுது, போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

*

ஒசாகா
8.2.2025

அன்புள்ள அக்காவுக்குக் கோமதேஷ் வணங்கி எழுதுவது. இங்கே நலம். குளிர் எலும்பு வரைக்கும் போகிறது. நைனா வாய்க்கு எப்படி இருக்கிறது? மாமாவின் மூட்டுவலி தேவலையா?

அந்தப் படம் எங்கள் மேலதிகாரி பணி ஓய்வு பெற்ற அன்று எடுத்தது. கடை என்றால் பத்துப் பேர் உட்காரும் ஒரு பலகை, அவ்வளவுதான். பலகைக்கு அந்தப் பக்கம் கிழவர் ஒருவர் நின்று ஒவ்வொன்றாகப் பிடித்து நம் முன்னால் வைப்பார். வைத்த உடனே எடுத்துச் சாப்பிட வேண்டும். பேசிக்கொண்டே விட்டுவிட்டால் அவருக்கு மனசு கெட்டுவிடும். சோறு கைச்சூட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நல்ல மீன் நாற்றமடிக்காது, நாற்றமடித்தால் அது மீனின் குற்றமில்லை, மனிதனின் குற்றம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எங்களோடு வேலை செய்யும் கொல்கத்தாக்காரன் ஒருவன் இருக்கிறான். மீன் தலைக்கே சண்டை போடுகிற வம்சம். அவன் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தான். தனகோட்டி சொன்னதைத்தான் அவனும் சொன்னான், இவர்களுக்கு அடுப்பு என்று ஒன்று இருப்பது தெரியாதா என்று. எங்கள் மேலதிகாரியோ, குழம்பில் போட்டுக் கொதிக்க வைத்தால் எல்லா மீனும் மிளகாயாகத்தானே ருசிக்கும், மீன் எங்கே ருசிக்கும் என்று திருப்பிக் கேட்டார். இரண்டு பேரும் கடை மூடும் வரை வாதாடினார்கள்.

மீனில்லாததும் அங்கே உண்டு. வெள்ளரிக்காயை நடுவில் வைத்துக் கடற்பாசித் தாளில் சுற்றுவார்கள். சோயாவில் செய்த பை ஒன்றை இனிப்பில் ஊறவைத்து அதற்குள் சோறு அடைப்பார்கள். அதை நைனாகூடச் சாப்பிடலாம். இஞ்சி ஊறுகாய் வேறு தருவார்கள், ஆனால் மண்ணுக்கடியில் விளைந்தது என்று அவர் தொடமாட்டார்.

நைனா விரதம் எடுப்பது கேட்டு மகிழ்ச்சி. இந்துவை நன்றாகப் படிக்கச் சொல்.

அன்புத் தம்பி
கோமதேஷ்

*

செஞ்சி
2.3.2025

தம்பிக்கு அக்கா ஆசி கூறி எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீ சுகமா?

ஒரு வரி கேட்டேன். மூன்று பக்கம் வந்திருக்கிறது, அந்த ஒரு வரியைத் தவிர. கொல்கத்தாக்காரன் என்ன தின்றான், மேலதிகாரி என்ன பேசினார் எல்லாம் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், நீ வெள்ளரிக்காயைக் காட்டி மறைக்கிறாயோ என்று முதலில் கோபம் வந்தது. பிறகு நானே சமாதானம் செய்துகொண்டேன். வெள்ளரிக்காய் இருக்கிற இடத்தில் நம் வீட்டுப் பிள்ளை வேறெதற்குக் கை நீட்டப்போகிறான்?

அதைவிடப் பெரிய கவலை வந்துவிட்டது. நைனா சாப்பிடுவதில்லை. சாம்பார் மண் மாதிரி இருக்கிறது, மோர் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்கிறார். பொழுது சாய்வதற்குள் இரண்டு கரண்டிக் கஞ்சி குடித்தால் பெரிசு. சட்டை தோளில் நிற்கவில்லை. காய்ச்சலில் போன ருசி சிலருக்குத் திரும்ப மாதக்கணக்காகும், எதையாவது விரும்பிச் சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வார் என்கிறார் டாக்டர். விழுப்புரம் வரை அலைந்து சத்துமாவு, டானிக் எல்லாம் வாங்கிவந்துவிட்டேன். எதையும் இரண்டாம் தடவை தொடவில்லை. இந்த உடம்போடு விரதத்தில் உட்கார முடியுமா என்று அவருக்கே பயம் வந்துவிட்டது.

அந்த ஊரில் நாக்குக்கு உணர்ச்சி வருகிற மாதிரி, சுத்தமானதாக ஏதாவது கிடைக்குமா? கேட்டுப் பார்.

இப்படிக்கு
அக்கா

*

ஒசாகா
15.3.2025

அன்பு அக்காவுக்கு வணக்கம். இங்கே நலம். உன் கடிதம் படித்ததிலிருந்து நைனா நினைப்பாகவே இருக்கிறது.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். சோயாவைப் புளிக்கவைத்து அரைத்த விழுது, பாக்கெட் பாக்கெட்டாக இருக்கும். கிண்ணத்தில் பிழிந்து வெந்நீர் ஊற்றினால் சாறு தயார். மேலே மிதக்கும் பச்சை நிறம் கடற்பாசி. வெள்ளையாக இருப்பது சோயாப் பாலில் செய்த கட்டி. இங்கே நோயாளிக்கு, குழந்தைக்கு, கிழவருக்கு, எல்லாருக்கும் இதைத்தான் கொடுக்கிறார்கள். வந்த நாள் முதல் நானும் தினமும் குடிக்கிறேன்.

நைனாவுக்குச் சூடாகக் கொடு. கொதிக்க விடாதே.

கோமதேஷ்

*

செஞ்சி
6.4.2025

என் தங்கத் தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லாரும் நலம். இந்த முறை நைனாவும் நலம் என்று நிஜமாகவே எழுதுகிறேன்.

முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். போச்சு, இதுவும் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அண்ணாந்து நாக்கைச் சப்புக்கொட்டினார். பிறகு, "ருசி தெரியுதும்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கிண்ணத்தை வழித்துக் குடித்தார். மறுநாள் அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். இப்போது பொழுது சாய்வதற்கு முன்னாலேயே "அந்தச் சப்பான் ரசம் ஆச்சா?" என்று அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்கிறார். முகத்தில் களை வந்துவிட்டது, கோட்டையடி வரை நடந்துவிட்டு வருகிறார்.

நானும் இந்துவும்கூட ஆளுக்கொரு கிண்ணம் குடித்தோம். எனக்கு அப்படியொன்றும் விசேஷமாகத் தெரியவில்லை, உப்பு கொஞ்சம் தூக்கல். உன் மாமா இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, உளுந்தூர்ப்பேட்டை ஓட்டல் சாம்பாரைவிட மேல் என்றார்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். பாக்கெட்டில் நம் ஊர் மாதிரி பச்சைப் புள்ளி இல்லை. எழுத்தெல்லாம் கோழி கிளறினது போல இருக்கிறது. அந்த மணத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம். வெங்காயம், பூண்டு சேர்த்திருக்கிறார்களா? நைனாவுக்கு இரண்டும் ஆகாது, உனக்குத் தெரியும். கேட்டு உடனே எழுது. அவருக்குத் தெரியாமல் ஒரு பூண்டுப் பல் உள்ளே போனாலும் என்னால் தாங்க முடியாது.

அக்கா

*

ஒசாகா
20.4.2025

அக்கா, வணக்கம். சுகம்.

வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை. அந்த இரண்டுக்கும் உரிய ஜப்பானிய எழுத்தை எழுதி வைத்துக்கொண்டு கடையில் ஒவ்வொரு பாக்கெட்டாகப் பார்த்துத்தான் எடுத்தேன். சத்தியம். இன்னும் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

நைனா கோட்டையடி வரை நடந்தார் என்று படித்தபோது ஆபீஸ் கழிவறையில் போய் நின்றுகொண்டேன். இத்தனை வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

கோமதேஷ்

*

செஞ்சி
11.5.2025

கோமதேஷ்,

நலம் கேட்டு எழுதக் கை வரவில்லை. முதலில் இதைப் படி.

இந்துவுக்குப் பரீட்சை விடுமுறை. போன் கேமராவை எழுத்து மேல் காட்டினால் அது நமக்குப் புரிகிற எழுத்தாக மாறுகிறதாம். காய்கறிப் பை, ஊறுகாய் பாட்டில் என்று விளையாட்டாகக் காட்டிக்கொண்டிருந்தவள் உன் பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள். "அம்மா, சோயா இருக்குது, உப்பு இருக்குது, பொனிட்டோன்னு ஒண்ணு இருக்குதும்மா, அது இன்னாது?" என்றாள். ஏதோ கீரையாக இருக்கும் என்றேன். அவள் அந்தப் பேரைப் போனில் தட்டினாள். திரையில் ஒரு மீன் வந்து நின்றது.

பளபளவென்று, வயிற்றில் கோடு கோடாக, கண்ணைத் திறந்துகொண்டு.

இன்னொரு பாக்கெட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். அதிலும் அதே. பழைய பெட்டியின் அட்டையைக் குப்பையிலிருந்து எடுத்துவந்து காட்டினோம். அதிலும் அதே. இந்து ஓடிப்போய்க் கிணற்றடியில் வாந்தி எடுத்தாள். உன் மாமா நெல் மண்டியிலிருந்து வந்து விஷயம் கேட்டுவிட்டு, நம்மையெல்லாம் மீன் தின்ன வைத்துவிட்டானே என்று நின்ற இடத்திலேயே நின்றார். தான் பாராட்டியதை அவரால் மறக்க முடியவில்லை போலிருக்கிறது, இரண்டு நாளாக என்னோடுகூடப் பேசவில்லை.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி தான் கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். மாத்திரை அட்டையில் பொடி எழுத்து வரைக்கும் படித்து ஊருக்குப் புத்தி சொல்கிறவள், என் அப்பாவுக்கு என் கையாலேயே மீன் சாறு கரைத்துக் கொடுத்திருக்கிறேன். அதுவும் வெங்காயம் இருக்கிறதா, பூண்டு இருக்கிறதா என்று கேட்டுக்கேட்டு. மீன் இருக்கிறதா என்று ஏன் கேட்கவில்லை? கேட்கத் தோன்றவில்லை, கோமதேஷ். கேட்கவே தோன்றவில்லை.

அந்தப் பாத்திரங்களைத் தனகோட்டியிடம் கொடுத்துவிட்டேன். "கழுவினா போவுது, எதுக்குக்கா தூக்கிக் குடுக்கறீங்க" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? கழுவினால் பாத்திரம் சுத்தமாகிவிடும்.

நைனாவுக்குத் தெரியாது. பெட்டி தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அவர் குழந்தை மாதிரி, "தம்பிகிட்ட சொல்லி இன்னும் அனுப்பச் சொல்லும்மா" என்கிறார்.

நீ தெரிந்தே அனுப்பினாயா?

அனந்தமதி

*

ஒசாகா
26.5.2025

அக்கா,

தெரியாது. நைனா மேல் சத்தியமாகத் தெரியாது.

உன் கடிதத்தைப் பிரித்த கையோடு கடைக்கு ஓடினேன். அந்தக் கடைக்கார அம்மாள் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, மீன் இல்லாமல் சாறு எப்படி வரும் என்று சிரித்தாள். உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்து காட்டினாள். விறகுக் கட்டை மாதிரி இருந்தது. ஒன்றோடொன்று தட்டினால் கட்டைச் சத்தம்தான் வந்தது. மீனை வேகவைத்துப் புகைபோட்டு மாதக்கணக்கில் காயவைத்தால் அப்படி ஆகுமாம். அதை இழைப்புளி வைத்து இழைக்கிறார்கள், சுருள் சுருளாக விழுகிறது. அதில் வடித்த நீர்தான் இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அவர்களுக்கு அது மீன் கணக்கிலேயே வராது. சாப்பாட்டில் மீன் இருக்கிறதா என்று நான் கேட்டபோதெல்லாம் இல்லை என்றுதான் சொன்னார்கள், பொய்யும் சொல்லவில்லை.

ஆறு வருஷம் குடித்திருக்கிறேன். அந்தச் சாறு ஒன்றாவது சுத்தம் என்று நம்பிக்கொண்டிருந்தேன் அக்கா. தலையில் யாரோ கல்லைப் போட்ட மாதிரி இருக்கிறது.

கடற்பாசியில் மட்டும் வடித்த சாறு உண்டாம். புத்தபிக்குகள் குடிப்பது. தேடிப்பிடித்து வாங்கி, எழுத்துத் தெரிந்தவரிடம் வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேட்டு, அனுப்பியிருக்கிறேன். நைனாவுக்கு அதைக் கொடு. பழையதைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லாதே. தெரியாமல் நடந்தது தெரியாமலே போகட்டும்.

கோமதேஷ்

*

செஞ்சி
17.6.2025

தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இந்து தேறிவிட்டாள். மாமா பேச ஆரம்பித்துவிட்டார்.

புதுப் பெட்டி வந்தது. இந்து எல்லாப் பாக்கெட்டையும் கேமராவில் காட்டிப் பார்த்தபிறகுதான் பிரித்தேன். நைனா ஆசையாகக் கிண்ணத்தை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார். "இது அது இல்லியேம்மா" என்றார்.

அதேதான் நைனா, கம்பெனி மட்டும் வேறே என்றேன். இன்னொரு வாய் குடித்துவிட்டு, "இதுல அந்த ருசி இல்ல" என்று கிண்ணத்தை நகர்த்திவிட்டார். எழுபத்திரண்டு வருஷம் எறும்பை ஒதுக்கி நடந்த மனிதருடைய நாக்கு மீனைத் தேடுகிறது, அது மீன் என்று அதற்கே தெரியாது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? மறுபடியும் கஞ்சிதான். மறுபடியும் சட்டை தோளில் தொங்குகிறது.

சொல்லாதே என்கிறாய். சொல்லாமல் இருந்தால், முனிவர் முன்னால் போய் நின்று தன் வாயில் ஓர் உயிரும் பட்டதில்லை என்பார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சொன்னால், இந்த உடம்பு தாங்குமா? இரண்டில் எது பெரிய பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. நீயும் அவர் பிள்ளைதான், யோசித்து எழுது.

இன்னொன்று. "அந்தச் சாறு ஒன்றாவது சுத்தம்" என்று எழுதியிருக்கிறாய். ஒன்றாவது என்றால், மற்றதெல்லாம்?

ஜனவரியில் நான் கேட்ட ஒரு வரி இன்னும் வரவில்லை. இதற்காவது பதில் எழுது.

அக்கா

*

செஞ்சி
14.7.2025

அன்புத் தம்பி கோமதேஷுக்கு அக்கா எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே உயிரோடு இருக்கிறோம்.

உன் பதில் வரவில்லை. போனில் நைனாவிடம் மழை பற்றிப் பேசுகிறாய், என் குரல் கேட்டால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். நம் கோட்டைக்கு யுனெஸ்கோ பட்டம் கிடைத்திருக்கிறதென்று ஊரெல்லாம் அதே பேச்சு. நம் வீட்டில்தான் யாரும் எதுவும் பேசவில்லை. முனிவர் சித்தாமூர் வந்து சேர்ந்துவிட்டார். இனிமேல் காத்திருக்க முடியாது என்று நானே சொல்லிவிட்டேன்.

காலையில் கோயிலுக்குப் போய் வந்து பலகையில் உட்கார்ந்திருந்தார். காது கேட்க வேண்டுமே என்று கிட்டத்தில் போய் உட்கார்ந்து, அந்தச் சப்பான் ரசத்தில் மீன் இருந்தது நைனா, எங்கள் யாருக்கும் தெரியாது என்றேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் எழுந்து போய்க் குழாயடியில் வாய் கொப்பளித்தார். கொப்பளித்துக்கொண்டே இருந்தார். பல் விளக்கினார். மறுபடி கொப்பளித்தார். நான் பின்னால் போய் நின்று, போதும் நைனா, போதும் என்று அழுதேன். திரும்பி வந்து உட்கார்ந்தார். பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மயக்கம் போட்டு விழப்போகிறார் என்று உன் மாமாவைக் கூப்பிட வாயெடுத்தேன்.

"இன்னா மீனு அது?" என்றார்.

அதிர்ச்சியில் புத்தி பிசகிவிட்டதோ என்று நான் பயந்துபோனேன். என்ன கேட்கிறீர்கள் என்றேன்.

"பேரு இன்னான்னு கேக்கறேன். எல்லா உயிரும் என்னப் பொறுத்துக்கணும்னு தெனமும் பொதுவா சொல்லினுதான் இருக்கறேன். அது நான் தின்னாததுங்களுக்கு. இத நான் தின்னிருக்கறேன், ருசிச்சி ருசிச்சி இன்னும் குடும்மான்னு கேட்டுத் தின்னிருக்கறேன். பேரு கூடத் தெரியாம அதுகிட்ட போயி எப்படிம்மா மன்னிப்பு கேக்கறது?"

பொனிட்டோ என்றேன். அது அவர் வாயில் நுழையவில்லை. தமிழில் என்ன பேர் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கோமதேஷுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன். சரி என்றவர் கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். இதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், நீ உட்கார்ந்து படி.

"அவன் தின்னதுங்க பேரையும் எழுதச் சொல்லு. எனக்குக் கேக்கும்போது அவனுக்கும் சேத்துக் கேட்டுடறேன்."

யார் சொன்னது உங்களுக்கு, அவன் வெள்ளரிக்காய்தானே சாப்பிட்டான் என்று நான் உனக்காக வாதாடினேன். படத்தை அவர் பார்க்கவில்லை. இந்து சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை. அவர் சொன்னார்: "முன்னெல்லாம் சாப்டியாடான்னு கேட்டா இன்னா சாப்ட்டான்னு சொல்லுவான். சோறு, பருப்பு, தயிருன்னு ஒண்ணொண்ணா சொல்லுவான். ரெண்டு வருசமா சாப்ட்டன் நைனான்னு மட்டும்தான் சொல்றான்."

காது மந்தம் என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பேர் வரும்வரைக்கும் விரதத்தில் உட்காரமாட்டாராம். முனிவரிடம் நானும் மாமாவும் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம், நான்கு மாதம் இருக்கிறது, வரட்டும் என்றார். நைனா கஞ்சி குடிக்கிறார், நார்த்தங்காய் தொட்டுக்கொண்டு. கோபமே இல்லை அவருக்கு. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இதற்கும் நீ எழுதாமல் இருந்தால் அவர் விரதம் உன்னால்தான் நிற்கும். வெள்ளரிக்காய்தான் என்றால் வெள்ளரிக்காய் என்று எழுது. ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு எழுது.

அக்கா

*

ஒசாகா
3.8.2025

நைனாவுக்கும் அக்காவுக்கும் கோமதேஷ் விழுந்து வணங்கி எழுதுவது. இருவர் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா, இதை நைனா பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படி.

நைனா, உங்கள் ரசத்தில் இருந்தது சூரை. தமிழில் தேடிக் கண்டுபிடித்தேன். வரிச்சூரை என்றும் சொல்வார்களாம். கூட்டமாகப் போகிற மீன். அனுப்பியவன் நான், ஆகையால் அதிலும் பெரிய பங்கு எனக்குத்தான்.

என்னுடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மேலதிகாரி எனக்கென்று ஒன்றைப் பிடித்துவைக்கச் சொன்னார். கிழவர் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டுச் சாப்பிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அது முதல் தடவைக்கு மட்டும்தான் உண்மை. இரண்டாம் தடவை யாரும் கூப்பிடாமல் நானே போனேன். ருசியாக இருந்தது நைனா. அதையும் எழுதிவிடுகிறேன். ஜனவரியிலிருந்து அக்கா கேட்ட ஒரு வரி இதுதான். அதை எழுத உட்காரும்போதெல்லாம் கூடத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பது தெரியும், பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

பெரிய சூரை. அதுதான் படத்தில் சிவப்பாக இருந்தது. இறால். கணவாய். எட்டுக்கால் உள்ளதும் தின்றிருக்கிறேன், அதைச் சாக்குக்கணவாய் என்கிறார்கள். விலாங்கு. மத்தி. காணாங்கெளுத்தி. சிப்பிக்குள் இருக்கிற சதை. சால்மன், அதற்குத் தமிழில் பேரில்லை, அது நம் கடலுக்கு வராது. அதன் முட்டை, சிவப்பாக, மணி மணியாகச் சோற்றின் மேல் கொட்டித் தருவார்கள். ஒரு வாயில் எத்தனை என்று நான் பார்க்கவில்லை.

இன்னும் இருக்கின்றன. பேர் கேட்காமலே தின்றவை. இரண்டு நாளாக அந்தக் கடைக்குப் போய்க் கிழவரிடம் நின்று கேட்டேன், அவருக்கும் நினைவில்லை. பேரே தெரியாதவற்றிடம் எப்படிக் கேட்பது என்று நைனாவிடம் கேட்டு எழுது அக்கா. அவற்றுக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

கோமதேஷ்